ரம் கூட்டினால் எல்லாம் சரியாம்!

மாதக் கடைசி, இரவு 2 மணி. 20,000 வாடிக்கையாளரின் கணக்கு அறிக்கைகளை ஒரே பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புற வேலை பாதியிலேயே செத்துப்போச்சு. லொக்கைத் திறந்தால் அதே பழைய வரி: நினைவகம் போதாது. காலமை போய்ச் சொன்னால் மூத்த அண்ணை கதிரையை விட்டு எழும்பாமலே தீர்ப்புச் சொல்லுறார்: "8 ஜிபியை 16 ஆக்கி விடு தம்பி." ஆக்கினோம். மூன்று மாதம் ஓடியது. வாடிக்கையாளர் கூடினவுடன் திரும்பவும் செத்தது. 16, 32 ஆனது.

இதைத் தீர்வு எண்டு சொல்லுறதைத்தான் என்னால் தாங்க முடியேல்லை.

பிடிஎஃப் 1993 இல் அடோபி வெளியிட்ட வடிவம். அந்தக் காலத்துக் கணினியில் 8 மெகாபைட் ரம் இருந்தாலே பெரிய விஷயம். அதற்கு ஏற்றமாதிரித்தான் அதை அமைத்தார்கள். கோப்புக்குள் எல்லாமே எண்ணிட்ட பொருள்கள். எந்தப் பொருள் எத்தனையாவது பைட்டில் தொடங்குது எண்ட அட்டவணை கோப்பின் கடைசியில் வரும். ஏன் கடைசியில்? ஒரு பக்கத்தை எழுதி, வட்டில் போட்டு, மறந்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்பதற்காக. ஞாபகம் வைக்கவேண்டியது பெரும்பாலும் அந்த இடங்களை மட்டும். அட்டவணையில் ஒரு பதிவு 20 பைட். எங்கட 60,000 பக்கத்துக்கு, பக்கத்துக்கு இரண்டு பொருள் எண்டு வைத்தால், 1,20,000 பதிவுகள். 2.4 மெகாபைட். இதுக்குத்தான் 32 ஜிபி கேட்கிறோம்.

பிழை எங்க இருக்கு? தரவுத்தளத்தில் உள்ள எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் பட்டியலாக அள்ளுறம். அதை வைத்து ஒரே பெரிய அட்டவணை கட்டுறம். எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதத் தொடங்குறம். ஐடெக்ஸ்டில் அட்டவணையை 'இன்னும் முடியேல்லை' எண்டு குறித்து, துண்டு துண்டாக வெளியே தள்ள வழி இருக்கு. பிடிஎஃப்பாக்ஸில் தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தச் சொல்ல ஒரு வரி போதும். ஆவணத்தை வாசிச்சால்தானே தெரியும்! படங்களோ இன்னும் மோசம். 4000 × 3000 புள்ளிப் படம் ஒன்றைப் பிரித்தால் 36 மெகாபைட். ஜேபெக்கைப் பிரிக்காமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைக்கலாம். அதே சின்னத்தை ஒருக்கா வைத்து 60,000 பக்கத்திலும் சுட்டிக்காட்டலாம்.

"மொத்தப் பக்க எண் போடவேணுமே, முழுக்கக் கையில் இல்லாமல் எப்படி?" எண்டு கேட்பார்கள். இன்னும் எழுதாத பொருளைக்கூட முன்கூட்டியே சுட்ட பிடிஎஃப் விடுது. எண் வரும் இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியைச் சுட்டிவிட்டு, கடைசியில் பெட்டியை நிரப்புங்கோ. அவ்வளவுதான்.

நியாயமான சாட்டு ஒன்று இருக்கு, அது தமிழ். கனக்க பிடிஎஃப் நூலகங்களுக்குக் கொம்பு எந்தப் பக்கம் நிற்கவேணும் எண்டே தெரியாது. 'கொ' எழுதினால் எழுத்துகள் பிரிந்து நிற்கும். அதனால் எங்கட பெடியள் எச்டிஎம்எல் எழுதி, திரையில்லாத குரோமிடம் கொடுக்கினம். தமிழ் அழகாக வரும், ஆனால் முழுப் பக்கத்தையும் குரோம் நினைவில் கட்டும். நானும் அப்படித்தான் செய்தனான். சரி, அப்படியெண்டாலும் 200 வாடிக்கையாளராகப் பிரித்துச் செய்து கியூபிடிஎஃப்பால் ஒட்டலாமே. ஒவ்வொரு துண்டிலும் எழுத்துரு திரும்பத் திரும்ப வந்து கோப்புப் பெருக்கும், உண்மைதான். அது பொறுக்காதவர்கள் பாங்கோவையும் கெய்ரோவையும் பாருங்கோ. தமிழும் ஒழுங்காக வரும், பக்கம் முடிய முடிய வெளியேயும் எழுதும்.

"ரம் மலிவுதானே" எண்டு சொல்லுறவைக்கு: மேகச் சேவர் வாடகை டொலரில். 2022 இல் 200 ரூபா டொலர் சில கிழமைக்குள் 360 ஐத் தாண்டினதை எங்களுக்கு யாரும் புத்தகத்தில் படிப்பிக்கத் தேவையில்லை. மாதத்தில் ஒரு இரவு ஓடுற வேலைக்காக 30 நாளும் 32 ஜிபிக்குக் காசு கட்டுறம். சம்பளம் கூட்டக் கேட்டால் மட்டும் செலவைப் பற்றிப் பேசுவினம்.

கடைசியில் இரண்டு சனிக்கிழமை இருந்து மாற்றி எழுதினேன். உச்ச வரம்பு 512 மெகாபைட் எண்டு கட்டிவிட்டு ஓடவிட்டன். 20,000 பேருடையதும் விடியமுன் முடிஞ்சுது. சேவரைச் சின்னனாக்குவமோ எண்டு அண்ணையிட்டக் கேட்டன்.

"இருக்கட்டும் தம்பி, ஒரு பாதுகாப்புக்கு."

சேவர் இன்னும் 32 ஜிபிதான்.