புதுப்பித்தலா, அழித்தலா?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியே ஆரியங்காவுக்கு ஏறும் மலைச்சாலையில் ஆர்.எக்ஸ். 100 வண்டியின் ஓசையை இன்றும் கேட்கிறோம். 1985 இறுதியில் வந்து 1996இல் உற்பத்தி நின்றுபோன, 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் யமஹா அது. மண்பாதைக்கென்றே ஜப்பானில் உருவான 1968ஆம் ஆண்டின் டிடி-1 இங்கே விற்பனைக்கு வரவில்லை. மலையடிவார இளைஞர்க்கு ஆர்.எக்ஸே காட்டுவழி வண்டியும் ஆயிற்று.

இதை வாங்கிப் 'புதுப்பிக்கும்' கூட்டத்தாரோடு எமக்கு ஒரு வழக்கு உண்டு. டேங்கின் பழைய பெயின்டைச் சுரண்டுகிறார்கள். தேயாத பாகத்தையும் கழற்றி எறிந்து பளபளக்கும் போலியை மாட்டுகிறார்கள். சைலன்சர் போய்க் காதைப் பிளக்கும் குழாய் வருகிறது. பிறகு 'அசல்' என்று விலை சொல்கிறார்கள். எதன் அசல்?

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., சிதைந்த இடங்களில் புள்ளியிட்டார். தம் சொல்லால் நிரப்பவில்லை. பாடபேதங்களையும் காட்டினார். (தமிழாசிரியனுக்கு எங்கும் ஏடுதான் என்று சிரிப்பவர் சிரிக்கட்டும்.) வண்டிக்கும் அந்த நேர்மை வேண்டும். பிஸ்டன் தேய்ந்ததா, சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் போடுங்கள், கிராங்க் சீலை மாற்றுங்கள், கார்புரேட்டரைக் கழுவுங்கள். மங்கிய நிறத்தில் கைவைக்காதீர்கள். மாற்றியவற்றை ஒரு தாளில் எழுதி, வாங்குபவர் கையில் கொடுங்கள்.