வாய்க்கால் போதும் எண்டு சொல்லாதீங்கோ

அண்மையில் எங்கட பழைய மாணவர் வட்சப் குழுவில ஒரு ஊக்கக் கதை வந்து விழுந்தது. கரும்புத் தோட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்க்காலில் நீச்சல் பழக்கி, சாம்பியன்களாக்கிய ஒரு வாத்தியாரின் கதை. கீழே ஒரு அண்ணை எழுதியிருந்தார்: "மனம் இருந்தால் வசதி தேவையில்லை. எங்கட பெடியளுக்கு மனம்தான் இல்லை." நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

கதை உண்மை. அண்ணை எடுத்த முடிவுதான் பிழை.

அந்த வாத்தியாரின் பெயர் சொய்ச்சி சகமோட்டோ. 1906 இல் ஹவாயின் மௌயி தீவில், ஜப்பானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். பூஉனேனே என்ற இடத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். தானே பெரிய நீச்சற்காரர் இல்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் வெக்கைக்குப் பாசன வாய்க்காலில் குதிப்பதும், காவற்காரர் கலைப்பதும் அங்கே அன்றாடம் நடந்தது. சகமோட்டோ பொறுப்பெடுத்துத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினார். ஓடும் தண்ணியை எதிர்த்து நீந்த வைத்தார், பிறகு அதோடு சேர்ந்து வேகமாக வர வைத்தார். 1937 இல் 'மூன்று வருட நீச்சல் கழகம்' தொடங்கினார். ஏன் மூன்று வருடம்? 1940 ஒலிம்பிக்தான் இலக்கு.

1939 இல் அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவின் தேசியக் குழுப் பட்டத்தை வென்றார்கள். அடுத்த இரண்டு வருடமும் வென்றார்கள்.

இவ்வளவும் அந்தச் செய்தியில இருந்தது. இல்லாததை நான் சொல்லுறன்.

முதலாவது, அனுமதி. மனம் அந்தப் பிள்ளைகளுக்கு முதலே இருந்தது. அதனால்தானே கலைக்கக் கலைக்கத் திரும்பி வந்து குதித்தார்கள்! இல்லாமல் இருந்தது, "இவர்கள் என்ர பொறுப்பு" என்று சொல்ல ஒரு பெரிய ஆள். ஊக்கக் கதைகள் எப்பவும் பிள்ளையின் மனத்தை அளக்கின்றன. பெரியவரின் மனத்தை அளப்பதேயில்லை.

இரண்டாவது, தடாகம். அவர்கள் வாய்க்காலிலேயே நின்றுவிடவில்லை. பிறகு பயிற்சி தோட்டத்து நீச்சல் தடாகத்தில் நடந்தது. கெட்டிக்காரர்களான கியோ நகாமாவும் ஹாலோ ஹிரோசேயும், சகமோட்டோவைத் தேடி ஹொனலுலுவில் இருந்து மௌயிக்கு வந்த பில் ஸ்மித்தும், ஓஹையோ அரச பல்கலைக்கழகத்துக்கு நீந்தப் போனார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்மித் இரண்டு தங்கம் வென்றார். சகமோட்டோவின் பயிற்சிக்கும் அந்தத் தங்கத்துக்கும் நடுவில ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. சகமோட்டோவும் போருக்குப் பிறகு ஹவாய் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராக ஏறத்தாழ 20 வருடம் வேலை செய்தார். வாய்க்கால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் ஏன் அங்கே போகிறார்?

மூன்றாவது, தோல்வி. 1940 ஒலிம்பிக் நடக்கவேயில்லை. டோக்கியோ 1938 இல் கைவிட்டது, ஹெல்சிங்கியை உலகப் போர் விழுங்கியது. 1944 உம் போச்சு. ஹிரோசே போருக்குப் போனார். நகாமா ஒலிம்பிக் தண்ணியில் ஒருநாளும் இறங்கவில்லை. அவருக்கு மனம் இல்லையா, உழைப்பு இல்லையா? போர் ஒரு தலைமுறையின் திறமையை என்ன செய்யும் என்று எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பிறகும் "முயன்றால் முடியும்" என்று வாய் கூசாமல் அனுப்புறம்.

நான்காவது, பெண்பிள்ளைகள். அந்தக் கழகத்தில் பெட்டையளும் பெடியளோட நீந்தினார்கள். ஃபுஜிக்கோ கட்சுடானி என்ற சிறுமி மார்பு நீச்சலில் தேசிய சாம்பியன் ஆனாள். 1930களில், ஒரு தோட்டத்தில்! எங்கட குழுவில வந்த செய்தியில அவளின் பெயர் இல்லை. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2004 சுனாமியில் எங்கட கரைகளில் பெண்கள் ஆண்களை விடக் கூடுதலாகச் செத்தார்கள். நீந்தத் தெரியாதது அதற்கு ஒரு காரணம். இருபது வருடம் கடந்தும் "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு நீச்சல்?" என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன.

நானும் வாய்க்கால் நீச்சற்காரன்தான். இரணைமடுத் தண்ணி வந்த வாய்க்காலில், அம்மாவுக்குத் தெரியாமல் பழகினேன். தெரிந்த அன்று பூவரசந்தடியால் அடி வாங்கினேன். அம்மாவில பிழையில்லை. கரையில் பார்த்துக்கொண்டு நிற்க ஒருத்தரும் இல்லாத வாய்க்காலுக்கு எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? சகமோட்டோ செய்த முதல் வேலை கரையில் நின்றது. சாம்பியன் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததை மேடைக்கு மேடை சொல்லுறம். குளத்திலும் கடலிலும் பிள்ளைகள் அள்ளுண்டு போகிற செய்தியையும் அதே வாயால வாசிக்கிறம். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று கிடக்கிறது. பாதுகாப்பான ஒரு நீர்நிலை, பழக்கத் தெரிந்த ஒரு ஆள், பெடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒதுக்கிய நேரம், அதற்குச் சம்பளம். பாடசாலையிடமும் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டியது இதைத்தான். மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். சகமோட்டோ நின்றதும் ஒரு தோட்டத்தில்தானே.

அண்ணைக்கு நான் குழுவில எழுதின பதில் இதுதான்: "பெடியளுக்கு மனம் இருக்கு அண்ணை. நீங்கள் சனிக்கிழமை காலமை கரையில வந்து நிப்பீங்களா?"

செய்தியைப் பார்த்திருக்கிறார். பதில் இன்னும் வரேல்லை.