இல்லம் நம் கையில்: கண்ணாடிக் கதவுக்கு எந்தத் திரை?

புது ஃபிளாட்டுக்குக் குடிபோகும் சகோதரிகளை முதலில் மயக்குவது எது தெரியுமா? ஹாலிலிருந்து பால்கனிக்குப் போகிற அந்த அகலமான ஸ்லைடிங் கண்ணாடிக் கதவுதான். "அப்பாடி, எவ்வளவு வெளிச்சம்!" என்று பூரித்துப் போகிறோம். பால் காய்ச்சிய மறுநாள்தான் சங்கதி புரிகிறது. மத்தியானம் சோபாவில் உட்கார முடியவில்லை, அப்படிக் கொதிக்கிறது. ராத்திரி விளக்கைப் போட்டால் ஹால் நாடக மேடையாகிவிடுகிறது. எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் ஓசி டிக்கெட்டில் பார்க்கிறார்கள்.

உடனே கடைக்கு ஓடுகிறோம். "இப்ப இதுதான் மேடம் ஓடுது" என்று கடைக்காரர் நாலு துணியை விரித்துப் போடுகிறார். சோபாவுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது, அம்மா! வெயில் எந்தப் பக்கம், நடமாட்டம் எப்படி, வீட்டில் சின்னக் குழந்தை உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் துணியைத் தொட வேண்டும்.

வெயில் எந்தப் பக்கம்?

கிழக்குப் பார்த்த கதவென்றால் காலை வெயில் சீக்கிரமே மேலேறிவிடும். சாதாரணப் பருத்தித் திரை போதும். தெற்கில் மார்கழி, தை மாதங்களில் வெயில் சாய்ந்து உள்ளே வரும். அது இதமான வெயில்தான். நம் ஊரில் மே முதல் ஜூலை வரை சூரியன் சற்று வடக்கே சாய்ந்து போவதால், வடக்குக் கதவிலும் காலை, மாலை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். மல்லுக்கட்ட வைப்பது மேற்குக் கதவுதான். மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ இறங்கி நேரே உள்ளே பாய்வதால் பால்கனிக் கூரையால் பயனில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். கண்ணாடிக்கு உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் சூடு ஓரளவுக்குத்தான் குறையும். வெளிச்சமாக உள்ளே வந்த வெயில் துணியில் பட்டுச் சூடாக மாறிவிடுகிறது. அந்தச் சூடு கண்ணாடி வழியே எளிதில் திரும்பிப் போவதில்லை. வெயிலில் நிறுத்திய கார் கொதிப்பதும் இதனால்தான். ஆகவே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மடக்க வேண்டும். பால்கனி ஓரத்தில் ஒரு மூங்கில் தட்டி, அல்லது நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல் வலை, நாலு உயரமான தொட்டிச் செடி, இவை செய்கிற வேலையை விலை உயர்ந்த திரை செய்யாது. "அசோசியேஷனில் வெளியே எதுவும் கட்டக்கூடாது என்கிறார்களே" என்றால், உள்ளே போடும் திரைக்கு வெள்ளை லைனிங் கொடுத்து, வெள்ளைப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி தைக்கச் சொல்லுங்கள். வெயிலில் ஒரு பங்கு திருப்பி அடிக்கப்படும். திரையின் சாயமும் சீக்கிரம் வெளுக்காது.

நடமாட்டம் எப்படி?

இந்தக் கதவு ஜன்னல் இல்லை, வாசல். ஈரத் துணி வாளியோடு ஒரு நாளைக்குப் பத்து நடை போகிறோம். ஒவ்வொரு தடவையும் ரோலர் பிளைண்டை மேலே சுருட்டி இறக்கப் பொறுமை வருமா? கதவு நகருகிற திசையிலேயே நகரும் திரைதான் சௌகரியம். அதற்குத் துணித் திரை, அல்லது நீளப் பட்டைகள் தொங்கும் வெர்டிகல் பிளைண்ட்ஸ்.

பல கதவுகளில் ஒரு பாதி நிலையாக நிற்கும், மறுபாதிதான் நகரும். திரை முழுவதும் நிலையான பாதியின் பக்கம் ஒதுங்கினால் வழி அடைபடாது. ஆனால் ஆறடிக்கு மேற்பட்ட கம்பிக்கு நடுவில் ஒரு தாங்கி தேவைப்படும். வளையம் வைத்த திரை அதைத் தாண்டிப் போகாது. இரு பக்கமும் பிரிகிற திரைக்கு இது தொல்லையில்லை. ஒரே பக்கம் ஒதுங்க வேண்டுமானால் கம்பி வேண்டாம். ரன்னர் ஓடுகிற டிராக் போடச் சொல்லுங்கள்.

துணிக் கணக்கு

ஆறடி அகலம், ஏழடி உயரமுள்ள கதவை எடுத்துக்கொள்வோம். அகலம் 72 அங்குலம். இரு பக்கமும் சுவரில் 8 அங்குலம் கூடுதலாகக் கம்பி ஓடட்டும், மொத்தம் 88. சுருக்கம் அழகாக விழ இரண்டு மடங்கு, அதாவது 176 அங்குலம் துணி வேண்டும். 54 அங்குலப் பன்னா என்றால் மூன்று பாகம் பற்றாது. நாலு பாகம் எடுங்கள். கதவுக்கு மேல் 6 அங்குலம் தள்ளிக் கம்பி அடித்தால் உயரம் 90. மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 10 சேர்த்தால் 100 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். நாலு பாகத்துக்கு 10 மீட்டர் சொச்சம். பருத்தி சுருங்கும், ஆகவே பத்தே முக்கால் மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். கரூர்க் கைத்தறித் துணி கிடைத்தால் விடாதீர்கள், உழைக்கும்.

திரை தரையில் புரள வேண்டாம். ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். வயசான மாமியார், மாமனார் கால் தடுக்காமல் இருக்கும், தரையும் துடைக்க வரும்.

மெல்லிய வலைத் துணி பகலில் நன்றாக மறைக்கும். வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு என்பதால் வெளியிலிருப்பவர் கண்ணுக்கு நாம் தெரிவதில்லை. விளக்குப் போட்டதும் நிலைமை தலைகீழ். ஆகவே வலைத் துணி தனியாகப் போதாது. பின்னால் இழுத்துவிட ஒரு கெட்டித் திரையும் வேண்டும்.

குழந்தை இருக்கும் வீடா?

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். பிளைண்ட்ஸில் தொங்குகிற கயிறும் மணிச் சங்கிலியும் குழந்தையின் கழுத்துக்குச் சுருக்காகிவிடும். தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான். கழுத்தில் மாட்டிக்கொண்டால் கத்தக்கூட முடியாது. பக்கத்து அறையில் இருக்கிற நமக்குச் சத்தமே கேட்காது. ஒரு நிமிஷத்துக்குள் உயிர் போய்விடலாம். அமெரிக்காவில் மட்டும் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் இப்படி இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அதனால்தான் 2018 டிசம்பர் முதல் அங்கே கடையில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸ், கயிறு இல்லாமலோ, எட்டாத கயிறோடோதான் வரவேண்டும் என்று தர விதி வந்தது.

"நாங்க பார்த்துக்கிட்டேதானே இருக்கோம்" என்று சொல்லாதீர்கள். அடுப்பில் பால் பொங்கினால் ஓடமாட்டோமா? சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குத் துணித் திரை அல்லது கயிறில்லாத பிளைண்ட்ஸ் போதும். ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? மணிச் சங்கிலியை இறுக்கமாகச் சுவரோடு பிடித்து வைக்கும் கொக்கியை இன்றைக்கே அடியுங்கள்; தொங்கும் கயிற்றைத் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் சுற்றிக் கட்டுங்கள். பால்கனி மூங்கில் தட்டியின் கயிறுக்கும் இதே விதிதான். தொட்டிலையும் நாற்காலியையும் அங்கிருந்து தள்ளிப் போடுங்கள். பேரன், பேத்தி லீவுக்கு மட்டும் வருகிற வீடானாலும் இது பொருந்தும்.

உதறுவதும் தோய்ப்பதும்

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. திரை மடிப்பின் இருட்டில் பதுங்குவது அதற்குப் பிடிக்கும். தினமும் காலையில் திரையை ஒரு உதறு உதறுங்கள். ஆஸ்துமா, தும்மல் உள்ளவர்கள் வீட்டில் கனத்த வெல்வெட் வேண்டாம். தூசியைச் சேர்த்து வைக்கும். தோய்க்கத் தோதான பருத்தியை மாட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சாயம் தாங்குமானால், நல்ல சுடுநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துங்கள்.

இனி நிறத்துக்கு வரலாம். மேற்குக் கதவுக்கு வெளிர் நிறம், நிறைய வெயில் படாத கதவுக்கு எது பிடிக்கிறதோ அது. கடைக்குப் புறப்படும் முன் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கதவருகே ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். எது தேவை, எது வேண்டாம் என்று அதுவே சொல்லிவிடும்.