மாட்டுக்கு இருக்கு, மனுசனுக்கு இல்லை

எங்க ஊரில் பேங்க் லோன் போட்டு வாங்கின கறவை மாட்டுக்குக் காதில் ஒரு வில்லை தொங்கும். இன்சூரன்ஸ் ஆச்சு என்று அர்த்தம். டிராக்டருக்கு இருக்கு, நெல்லுக்கும் இருக்கு. இதையெல்லாம் கட்டி மேய்க்கிற மனுசனுக்கு என்னய்யா இருக்குன்னு கேட்டால், "நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க" என்பார்கள்.

சரி, நாங்க பட்டிக்காட்டான். படிச்ச நீங்க என்ன பண்றீங்க?

"ஆபீசிலேயே போட்டிருக்காங்க." வேலையை விட்டால் அதுவும் போச்சு. இல்லாட்டி மார்ச் மாசம் வரியை மிச்சம் பண்ண, மாமா முறை ஏஜென்ட் நீட்டின பேப்பரில் கையெழுத்து. வருசம் 50,000 ரூபாய் கட்டி, 20 வருசம் கழிச்சுத் திரும்பி வரும் என்கிற பாலிசி. நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்கு வர்றது 10 லட்சம் சுற்றித்தான். உங்க வீட்டுக் கடனில் கால்வாசி தேறுமா? பீடி சிகரெட் பழக்கம் இல்லாத 30 வயசுக்காரருக்கு 1 கோடிக்கு டெர்ம் பாலிசி, வருசம் பத்துப் பதினஞ்சாயிரத்துக்குள் கிடைக்குது.

"அதில் கட்டின காசு திரும்பி வராதே!" நல்லாருக்கு நியாயம். தோப்புக்குக் காவலுக்கு ஆள் போடுறோம். திருடன் வரலைன்னா கூலியைத் திருப்பிக் கேட்கிறோமா?

பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. படிப்புக் கடனுக்கு அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். பைக் விபத்தில் போய்ட்டான். கையில் இருந்தது 3 லட்ச ரூபாய் பாலிசி. கடன் அப்பா தலையில் விழுந்தது. அந்தப் பெரியவர் தென்னந்தோப்பை வித்துட்டு, இப்ப அடுத்தவன் களத்தில் கூலிக்குத் தேங்காய் உரிக்கிறார். அதனால சொல்றேன், ஊரில் இருக்கிற 65 வயசு அப்பா பேரில் பாலிசி தேடி அலையாதீங்க. அவர் உங்க சம்பளத்தை நம்பி இருக்கார். உங்க பேரில் போடுங்க.

அதையும் "அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்" என்று தள்ளாதீங்க. வயசு ஏற ஏற பிரீமியம் ஏறும். நடுவில் சர்க்கரை வந்துட்டால் கூடுதலாகக் கேட்பான், இல்லை தரவே மாட்டான். இருக்கிற வியாதியை மறைக்கவும் கூடாது. முதல் 3 வருசத்துக்குள் அதைத் தோண்டிப் பிடிச்சு பணத்தை நிறுத்த கம்பெனிக்கு வழி இருக்கு.

இன்னொண்ணு. 1874-ஆம் வருசத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டம். கல்யாணம் ஆன ஆம்பளை பாலிசி எடுக்கும்போதே இதன் கீழ் எடுத்தால், அந்தப் பணம் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத்தான். கடன்காரன் கை வைக்க முடியாது. கடனிலேயே பொழப்பு நடத்துற எங்களுக்கு இதைவிட என்ன வேணும்? எத்தனையோ ஏஜென்ட் என் திண்ணையில் காபி குடிச்சிட்டுப் போயிருக்காங்க, ஒருத்தர் வாயிலும் இது வந்ததில்லை.

ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்ங்க. 50 வயசுக்கு உட்பட்ட தம்பி, மச்சான் யாராவது இருந்தால் பேங்குக்குக் கூட்டிப் போய் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்த்து விடுங்க. வருசம் 436 ரூபாய், 2 லட்சம் காப்பீடு. மே மாசக் கடைசியில் அந்த 436 கணக்கில் இருக்கான்னு மட்டும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க. பாதிப் பேருக்கு அங்கதான் விட்டுப் போகுது.