பூசாரியின் இரகசியமும் குயவனின் கணக்கும்

மாண்டுபோன சமயமொன்றை மீண்டும் உயிர்ப்பிக்க முயல்வோர் இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உளர். அவர்களுள் ஒரு சாரார் கோலியரின் பல்தெய்வ வழிபாட்டைத் தமதாக்கிக் கொண்டவர்கள். இன்றைய பிரான்சும் அதனையடுத்த நிலப்பகுதிகளும் றோமர் படையெடுப்பதற்கு முன் கோல் நாடு எனப்பட்டன. அந்நாட்டு மக்களே கோலியர். இவ்வழிபாட்டினருக்குப் பெரும்பாலும் கோயிலில்லை. உடனிருந்து வணங்கும் அயலாருமில்லை. எனவே வீட்டின் மூலையில் ஒரு பலகையை அமைத்து, விளக்கேற்றி, நீரும் பாண்துண்டும் படைத்து, குதிரைகளின் தெய்வமான எப்போனாவையோ, சம்மட்டி ஏந்திய சுக்கெல்லொசையோ தனியே வணங்குகின்றனர்.

இதைக் கண்டு நகைப்பது எளிது. "வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு" என்று நம் நண்பர் சிலர் ஒதுக்கியும் விடுவர். நாம் நகைக்க வரவில்லை. தன் வீட்டு மூலையில் விளக்கேற்றும் மனிதன் எவரையும் சுரண்டுவதில்லை. நம்முடைய வினா வேறு. அந்த விளக்கொளியில் அவன் யாரைத் தன் முன்னோராகக் காண்கிறான்? பூசாரியையா? உழைப்பாளியையா?

புதிதாக இவ்வழிக்கு வருவோரைக் கவர்வது துருயிதர் என்னும் பூசாரி வகுப்பினரின் இரகசிய ஞானமே. அவர்கள் தம் போதனைகளை எழுதிவைப்பதில்லை என்றும், மாணவர் சிலர் 20 ஆண்டுகள் மனனம் செய்தே கற்றனர் என்றும் யூலியஸ் சீசர் எழுதியுள்ளான். எழுதாத ஞானம் அதனை அறிந்தவரோடு அழிந்தது. இன்று அதனை விற்பனைக்கு வைப்போர் தமது கற்பனையையே விற்கின்றனர். அதே நூலில் சீசர் இன்னொன்றும் கூறுகிறான்: கோல் நாட்டில் துருயிதரும் குதிரைவீரப் பிரபுக்களுமே மதிப்புடையோர், பொதுமக்களோ ஏறக்குறைய அடிமைகளின் நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். சீசர் ஆக்கிரமிப்பாளன், அவன் சொல்லை எச்சரிக்கையோடுதான் ஏற்கவேண்டும். ஆயினும் துருயிதரின் பொற்காலத்துக்காக ஏங்குவோர், அக்காலத்தில் உழுதவன் யார், உண்டவன் யார் என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

பூசாரி மௌனமாய் மறைந்தான். உழைப்பாளியோ தன் கையெழுத்தை விட்டுச் சென்றான். தென் பிரான்சில் மில்லோ நகரருகே லா கிரோபசென்க் என்னுமிடத்தில் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பெரும் மட்பாண்டச் சூளைகள் இயங்கின. ஒவ்வொரு சூளைக்கும் யார் எத்தனை கலங்கள் இட்டனர் என்பதைக் குயவர்கள் மண் தட்டுகளிலேயே கீறிவைத்தனர். கோலிய மொழியில் முதலாவது தொடக்கம் பத்தாவது வரையான எண்ணுப்பெயர்களை இன்று நாம் அறிவது இக்கணக்குகளால். புனித மந்திரம் எதுவும் காத்துத் தராத சொற்களைத் தொழிலாளியின் கணக்கு காத்துத் தந்தது!

வழிபாட்டின் கதையும் இதுவே. அல்லியே பகுதிச் சூளைகளில் வெண்களிமண்ணால் வார்த்த சிறு தாய்த்தெய்வ உருவங்கள் சாதாரண வீடுகளிலும் புதைகுழிகளிலும் கிடைத்துள்ளன. சேன் நதி ஊற்றெடுக்கும் இடத்தில் 1963இல் மரத்தாற் செய்த நேர்த்திப் பொருள்கள் வெளிவந்தன: தலைகள், கைகால்கள், மேலங்கி போர்த்த யாத்திரிகர்கள். நோவுற்ற மக்கள் செக்குவானா என்னும் நதித்தாயிடம் தம் உறுப்புகளின் உருவைச் செய்து கொடுத்தனர். வீட்டு வழிபாட்டுக்கு முன்மாதிரி வேண்டுமாயின், அது இங்கே கிடக்கிறது. துருயிதனின் தோப்பில் அன்று.

"கலப்பற்ற, தூய கோலிய மரபு" என்று முழங்குவோரை நோக்கியும் ஒரு சொல். மேலே கூறிய சான்றுகள் யாவும் றோம ஆட்சிக் காலத்தவை. 1711இல் பாரிஸ் பேராலயத்தின் அடியிற் கண்டெடுத்த தூணைப் படகு வணிகர் சங்கமொன்று திபேரியஸ் பேரரசனின் காலத்தில் நிறுவியது. அதில் கொம்புடைய கெர்னுன்னொசும் மரம் வெட்டும் எசுசும் றோமரின் யூப்பிற்றரோடும் வல்கனோடும் ஒன்றாக நிற்கின்றனர். 1897இல் கொலிஞியில் கிடைத்த வெண்கலப் பஞ்சாங்கம் 5 ஆண்டுகளின் மாதங்களைத் தருகிறது; ஆனால் மாதம் பிறையின் எந்நாளில் தொடங்கியது என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை. ஆதலால் இப்பஞ்சாங்கத்தைப் பின்பற்றி விளக்கேற்றுவோன் தானே ஒரு முடிவைத் தெரிந்தெடுக்கிறான். தெரிந்தெடுப்பது குற்றமன்று. தெரிந்தெடுத்ததை "ஆதிமுதல் வந்தது" என்று சொல்வதே குற்றம்.

அது வெறும் சொற்குற்றமாக நின்றுவிடுவதுமில்லை. தூய முன்னோரைத் தேடுவோருக்கு அரசு எப்போதும் ஒரு முன்னோனைத் தயாராக வைத்திருக்கிறது. சீசரை எதிர்த்த வெர்சிங்கெத்தோறிக்சுக்கு 1865இல் அலீஸ் குன்றில் மூன்றாம் நெப்போலியன் பெருஞ்சிலை எழுப்பினான். அந்நியரை எதிர்த்த வீரன் ஒரு பேரரசனின் புகழ்ச்சின்னமானான். 1942இல் நாசிகளோடு கைகோத்த பெத்தேன் ஆட்சி, அவ்வீரன் சீசரை வென்ற கெர்கோவியாவிலேயே, குடியேற்ற நாடுகளின் மண்ணையும் கொணர்ந்து கலந்து தேச ஒற்றுமை விழா நடத்தியது. 2016இல் முன்னாள் சனாதிபதி நிக்கொலா சார்க்கோசி, பிரெஞ்சுக்காரர் ஆனவர் எவருக்கும் கோலியரே முன்னோர் என்றார். பேரன் எங்கிருந்து வந்தான், பாட்டி எம்மொழி பேசினாள் என்ற நினைவை அழிக்கவே இங்கு கோலியன் அழைக்கப்படுகிறான். "எங்கள் குருதி, எங்கள் தெய்வம்" என்று வீட்டு மூலையில் முணுமுணுப்பவன், தான் அறியாமலே இந்த ஊர்வலத்தில் ஆள் சேர்கிறான்.

எனவே நாம் கூறுவது இதுதான். வழிபடுவோர் வழிபடட்டும். ஆனால் தம் வழக்கம் புதியது, தம் கையாற் செய்தது என்று வெட்கமின்றிச் சொல்லட்டும். அறிந்ததையும் ஊகித்ததையும் பிரித்து வைக்கட்டும். குருதியைக் கேளாது, எந்த இனத்தவர்க்கும் அந்த விளக்கின் முன் இடம் தரட்டும். கட்டணம் வாங்கி ஞானம் வழங்கும் புதிய துருயிதர்க்குக் கதவை அடைக்கட்டும்.

பழமையை மீட்பதாகச் சொல்லும் எந்த இயக்கத்தையும் அது யாருடைய பழமையை மீட்கிறது என்று கேட்பது நம் கடமை. சூளையருகே கணக்குக் கீறிய குயவனையும், நோயுற்ற கையின் உருவோடு ஊற்றை நாடி நடந்தவளையும் நினைந்து ஒருவன் விளக்கேற்றுவானாயின், அவனோடு நமக்கு வழக்கில்லை. அவன் நினைவுகூர்வது நம் உறவினரை.