நம்மை நோக்கிப் பேசாத விளம்பரங்கள்

ஒரு விளம்பரம் பல வருஷங்கள் கழிந்த பின்னரும் ஒருவர் மனத்தில் நிலைத்து நிற்குமானால், அதை ஆக்கியவர் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதை நன்கு அறிந்து பேசியிருக்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவினுள் நுழைவோருக்கு முதலில் எதிர்ப்படும் ஊராகிய அல்லைப்பிட்டியில் இருந்துகொண்டு, கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து சேரும் விளம்பரங்களை நாள்தோறும் பார்க்கின்ற ஒருவன் என்ற வகையில், நல்ல விளம்பரங்கள் இன்னவை என்றும், இந்நாளில் நமக்குக் காட்டப்படுகின்றவற்றுள் பெரும்பாலானவை ஏன் மறுநாளே மறந்துபோகின்றன என்றும் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

விளம்பரத்தைப் பற்றிய நமது நினைவு கண்ணில் தொடங்கியதன்று, காதில் தொடங்கியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டில் ஆரம்பமான காலத்தில், அகில இந்திய வானொலி விளம்பரங்களை ஏற்றுக்கொள்ளாத காரணத்தால், இந்தியக் கம்பெனிகள் தங்கள் பற்பசைக்கும் மருந்துக்கும் ஒரு குரலைத் தேடிக் கொழும்புக்கு வந்தன. அமீன் சயானி 1952 முதல் தொகுத்தளித்த ‘பினாக்கா கீத்மாலா’ இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது இலங்கையிலிருந்து சென்ற ஒலியலைகளினாலேதான். அகில இந்திய வானொலியின் விவித்பாரதி தன் கதவை விளம்பரங்களுக்குத் திறந்தது 1967 நவம்பரிலே. தமிழ்ப் பிரிவில் எஸ். பி. மயில்வாகனம் தொடக்கிவைத்து, ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் வளர்த்தெடுத்த அந்த மரபில், பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடையே நேயர்கள் வேற்றுமை பாராட்டவில்லை. சவர்க்காரத்தின் பெயரைச் சொல்லும்போதும் அறிவிப்பாளரின் உச்சரிப்பில் இருந்த சிரத்தை குறையவில்லை. கடலுக்குப் போய்வந்து களங்கண்டி வலையைக் காயவிட்டுக்கொண்டிருந்த மனிதரும், திண்ணையில் ஓலை பின்னிக்கொண்டிருந்த ஆச்சியும், அந்தக் குரல் தங்களோடு சம்பாஷிக்கின்றது என்றே நம்பினார்கள்.

தொலைக்காட்சி வந்தபோது அலையின் திசை மாறியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஆயினும் தீவகத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த சில வீடுகளின் கூரைகளுக்கு மேலே எழும்பிய அன்ரனாக்கள் பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தூரதர்ஷனையே பெரிதும் தேடின. வெளியே ஒருவர் இரும்புக் குழாயைப் பிடித்து மெதுவாகத் திருப்ப, உள்ளே பெட்டியின் முன்னால் நிற்பவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்… காணும், காணும்! விடு” என்று சத்தமிட, மழைபெய்வது போன்ற புள்ளிகளுக்கிடையில் ஒரு வெண்ணிறப் பாவாடை சுழன்று தெளிவடையும். அதுதான் நிர்மா சலவைத்தூளின் சிறுமி. ஆமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் 1969இல் வீட்டிலே தூளைக் கலந்து, சைக்கிளில் வீடுவீடாகக் கொண்டு சென்று, கிலோ மூன்று ரூபாவுக்கு விற்றார் என்பதோ, விபத்தில் இறந்த தம் மகள் நிருபமாவின் பெயரையே அதற்கு இட்டார் என்பதோ இங்கே அப்பொழுது எவருக்கும் தெரியாது. பாட்டின் மொழி பல வேளைகளில் இந்தி. அதன் பொருளும் தெரியாது. ஆனால் மெட்டைத் தவறாமல் பாடாத பிள்ளை தெருவில் இல்லை.

நிர்மாவின் மலிவு விலைக்கு முன்னால் தடுமாறிய ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி தன் சர்ஃப் தூளுக்காக நிறுத்திய பாத்திரம் லலிதாஜி. அலிக் பதம்ஸி தம் தாயாரை மனத்தில் வைத்தே அந்தப் பாத்திரத்தைப் படைத்ததாகச் சொல்லியிருக்கிறார். கவிதா சௌத்ரி அதற்கு உருவம் கொடுத்தார். நான் இதுகாறும் பார்த்த விளம்பரங்களுள் ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால் இதையே தேர்வேன். நீலக்கரைச் சேலையோ, நெற்றிப்பொட்டோ, அழகோ அதற்குக் காரணமல்ல. காய்கறிக்காரனோடு காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் ஓர் இல்லத்தரசி, அதே கணக்கோடு விலை கூடிய தூளை ஏன் வாங்குகிறாள் என்று அவளையே கேட்டு, அவள் வாயாலேயே நியாயம் சொல்லவைத்த கௌரவம் அதில் இருந்தது. அவளை யாரும் பரிகசிக்கவில்லை. அவளுக்கு யாரும் புத்தி சொல்லவுமில்லை. வேலணைச் சந்தையில் மீனின் செவுளைப் புரட்டிப் பார்த்து விலைபேசுகின்ற எங்கள் ஊர்ப் பெண்கள், இந்தியில் ஒரு சொல்லும் அறியாமலே, அந்தப் பெண்மணியைத் தங்களுள் ஒருத்தியாக இனங்கண்டுகொண்டார்கள்.

இதே பண்பு நம்முடைய மண்ணிலும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராசா, தம் சரக்கின் பெயரால் ‘மில்க்வைற் செய்தி’ என்னும் இதழை வெளியிட்டு, க. சி. குலரத்தினம் போன்ற அறிஞரின் கையில் அதைக் கொடுத்து, பனைவளத்தைக் காக்கும்படியும் பனம்விதைகளை நாட்டும்படியும் ஊரூராகப் பிரசாரம் செய்தார். சவர்க்காரக் கட்டியொன்றை விற்பதற்கு இத்தனை பிரயாசை வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர் யார், அவருடைய வாழ்வு எதைச் சார்ந்தது என்று அறிந்திருந்த ஒருவர் செய்த விளம்பரம் அது. ஆகையினால்தான் அந்தப் பெயர் இன்றும் மூத்தோர் வாயில் மரியாதையோடு வருகிறது.

1990இல் போர் தீவகத்தை விழுங்கியது. எங்கள் ஊர்ச் சனங்கள் பெயர்ந்து சென்று குடாநாட்டில் ஒதுங்கிய நாட்களில், மின்சாரம் அறவே நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த களியிலே துணி தோய்த்த தாய்மார், கிணற்றடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சலவைத்தூளின் பழைய பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்தார்கள். துணியில் மஞ்சள் சாயம் சற்றே ஒட்டும், கையிலே பனம்பழத்தின் வாசனை மறுநாள்வரை நிற்கும். சரக்கு கிடையாத இடத்திலும் பாட்டு உயிரோடிருந்தது என்பதை எந்த விளம்பரக் கம்பெனியும் தன் கணக்கில் எழுதியிராது. இன்பமான காலத்தின் ஒரு துண்டாக அந்த மெட்டு எங்களோடு பெயர்ந்து வந்தது.

மொழியின் துணையின்றியே நம்மிடம் வந்துசேர்ந்த விளம்பரங்களும் உண்டு. பியூஷ் பாண்டே முன்னின்று வளர்த்த ஃபெவிகால் பசை விளம்பரங்களுள் ஒன்றில், கூரையிலும் பக்கங்களிலும் முன்புறத்திலும் மனிதர் தொற்றிக்கொண்டிருக்க, பாலைவனத்து மேடுபள்ளங்களில் குலுங்கிச் செல்லும் ஒரு பஸ்ஸைக் காட்டுவார்கள், ஒருவரும் விழுவதில்லை, பஸ் கடந்துபோன பின் அதன் முதுகிலே பசையின் பெயர் தெரியும். ஆனி மாதத்தில் நயினை அம்மன் திருவிழாவுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையை நோக்கி அல்லைப்பிட்டிச் சந்தியைக் கடந்து செல்லும் பஸ்களைப் பார்த்த எவருக்கும் அதற்கு வியாக்கியானம் தேவையில்லை. 1994இல் வந்த காட்பரி விளம்பரத்தில், தன் நண்பன் சிக்ஸர் அடித்ததும் காவலரையும் பொருட்படுத்தாமல் மைதானத்துள் ஓடி ஆடிய பெண்ணின் மகிழ்ச்சியும் அத்தகையதே. அதே விளம்பரத்தை 2021இல் புதுக்கியபோது, மட்டை பெண்ணின் கைக்கு மாறியிருந்தது. ஆடி ஓடி வந்தவன் ஆண். கால் நூற்றாண்டில் சமூகம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை வசனம் இல்லாமலே சொல்லிய அந்த மாற்றத்தை நான் மிகவும் மெச்சுகிறேன்.

மெச்சத் தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 1975 முதல் விற்கப்பட்ட ஃபேர் அண்ட் லவ்லி களிம்பின் விளம்பரங்கள், கறுத்த பெண்ணுக்கு வேலையும் வரனும் தட்டிப்போவதாகவும், நிறம் வெளுத்ததும் எல்லாம் கைகூடுவதாகவும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. உப்புக்காற்றிலும் கடல்வெயிலிலும் வளர்கின்ற தீவகத்துப் பெண்பிள்ளைகள், பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாலைவேளையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020இல், உலகமெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின்னர், ‘ஃபேர்’ என்ற சொல் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. நாற்பத்தைந்து வருஷங்களாக மனத்தில் ஊன்றப்பட்ட தாழ்வுணர்ச்சியை ஒரு பெயர்மாற்றம் பிடுங்கிவிடுமா? ஞாபகத்தில் நிற்பது என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதுவும் சிறந்த விளம்பரமாகிவிடும் என்பதனால்தான், யாரை அறிந்து, எந்த மரியாதையோடு பேசியது என்ற கேள்வியை நான் முதலில் வைக்கிறேன்.

இனி, இன்றைய நிலை. 1998இல் சக்தி தொலைக்காட்சியும், 2009இல் வசந்தமும் வந்தன. தமிழ் அலைவரிசைகள் இருக்கின்றன, தமிழில் விளம்பரங்களும் நாள்முழுதும் ஓடுகின்றன. ஆனால் அவற்றை அருகிலிருந்து பாருங்கள். பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும் தாயின் உதடுகள் ஒரு மொழியில் அசைகின்றன. ஒலி வேறொரு மொழியில் வருகிறது. படத்தில் பேச்சு முடிந்த பின்னும் குரல் அரை விநாடி நீளுகிறது. குழந்தை ‘அம்மா’ என்று அழைக்கும் ஓரிடத்தில் மட்டும் உதடும் ஒலியும் பொருந்துகின்றன. சித்திரைப் புத்தாண்டு விளம்பரத்தில் பாற்சோறும் கொண்டைப் பணியாரமும் பரப்பிய மேசையைக் காட்டி, மேலே தமிழ்க் குரலை ஒட்டுகிறார்கள். மருத்துநீர் எங்கே, கைவிசேடம் எங்கே, முற்றத்தில் போர்த்தேங்காய் அடிக்கும் இளைஞர் எங்கே? சிங்கள மக்களுடைய கொண்டாட்டம் அழகானது. அதை அதன் சொந்தக் கோலத்திலேயே காண்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. என் வீட்டுக் கொண்டாட்டம் என்று சொல்லி அதை எனக்குக் காட்டும்போதுதான் மனம் நோகிறது. இந்தக் குரலை ஒட்டும் வேலைக்குச் செலவு குறைவு, அதற்காகவே செய்கிறார்கள். தீவகத்தார் வாங்கும் பால்மாவின் விலையில் ஒரு சதமும் குறைவதில்லை என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து செய்மதி வழியாக வருகின்ற நகைக்கடை, புடைவைக்கடை விளம்பரங்களின் ஆரவாரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை நம்மை நோக்கி ஆக்கப்பட்டவையும் அல்ல. ஆயினும் ஒன்று: அங்கே விளம்பரக் கலை திறமைசாலிகளை வளர்த்திருக்கிறது. ‘ரோஜா’ வெளிவந்த 1992க்கு முன்னர் ஏ. ஆர். ரகுமான் லியோ காப்பி முதலிய விளம்பரங்களுக்கு இசையமைத்தே தம் கையைப் பழக்கிக்கொண்டார்.

இங்கே திறமைக்கு என்ன பஞ்சம்? யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் வளர்த்த நாடக மரபு இருக்கிறது. அந்த மேடைகளில் பயின்றவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஊடகம் கற்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே நேர்த்தியான குறும்படம் எடுக்கிறார்கள். கனடாவின் ரிவிஐ, லண்டனின் தீபம் ஆகிய தமிழ்த் தொலைக்காட்சிகளில் நம்மவர் நடத்திய கடைகளின் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலாளி கடைவாசலில் கைகூப்பி நின்று, மிளகாய்த்தூள் வீட்டிலே வறுத்து இடித்ததுபோல இருக்கும் என்று நம்முடைய பேச்சிலேயே சொல்லுவார். படப்பிடிப்பு நேர்த்தியற்றது, வெளிச்சம் போதாது. இருந்தும் பனியிலே நின்றுகொண்டிருந்த சனங்கள் அதை நம்பிக் கடைக்குப் போனார்கள், தங்கள் ஊர்க்காரர் தங்களோடு பேசுகிறார் என்பதனால்.

ஆகவே கொழும்பிலுள்ள கம்பெனிகளுக்கும், அவற்றுக்கு விளம்பரம் செய்து கொடுப்போருக்கும் என் விண்ணப்பம் இது. தமிழிலே சிந்தித்து எழுதப்பட்டு, தமிழ் நடிகர்கள் தம் சொந்த உதடுகளால் பேசுகின்ற படங்களை எடுங்கள். எடுப்பவர் ஒருமுறை பண்ணைப் பாலத்தைக் கடந்து வந்து, இந்த வீடுகளின் அடுப்படியையும் முற்றத்தையும் பார்த்துவிட்டு எழுதட்டும். வருகின்ற தைப்பொங்கலுக்கு முப்பது விநாடியில் அப்படி ஒன்றை எந்தக் கம்பெனி காட்டினாலும், அதன் சவர்க்காரத்தை வாங்குவதற்கு முதல் ஆளாக நான் சந்திக் கடைக்குப் போவேன்.