முன்னறிவிப்பில்லாத ஆய்வு வேண்டும்

பராமரிப்பு இல்லங்களிலிருந்து படுத்த படுக்கையான முதியோர் எங்களிடம் வரும்போது, நாங்கள் முதலில் பார்ப்பது அவர்களின் முதுகையும் குதிகாலையும்தான். அங்கே படுக்கைப்புண் இருந்தால், போதிய அளவு புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். இல்லத்தின் பதிவேடு இதைச் சொல்வதில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், மாவட்டத்திற்கு ஒன்றேனும், ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லத்தை மாநில அரசு அமைக்க வழிசெய்கிறது. அவற்றின் தரத்தை வகுக்கும் அதிகாரத்தையும் அளிக்கிறது. ஆனால் தரத்தை வகுத்தால் மட்டும் போதாது. அதைச் சோதிக்கும் முறையும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் இணைந்த பராமரிப்பு இல்லங்களில் 15 மாதங்களுக்குள் ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடைபெற வேண்டும். ஆய்வு நாளை இல்லத்திற்கு முன்கூட்டியே தெரிவிப்பவருக்கு அபராதம் உண்டு. அறிக்கையை எவரும் படிக்கலாம். குறைகள் அங்கும் ஒழிந்துவிடவில்லை, மறைப்பதுதான் கடினமாயிற்று.

இங்கும் அனைத்து இல்லங்களுக்கும் இவ்விரண்டும் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆய்வாளர் சமையலறையையும் கோப்புகளையும் மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. முதியவரின் முதுகையும் பார்க்க வேண்டும்.

அதுவரை அப்பணி உறவினர்களாகிய உங்களுடையது. சொல்லாமல் செல்லுங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருந்தால், காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.